ரீஹாமின் இருமலும் நான்கு இயந்திரங்களும்

துமியாத்,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

என் அன்பு மகன் ஹாஸிமுக்கு, உன் மேல் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் நல்லபடியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூச்சு விடுவதைப் போய் ஒரு செய்தியாக எழுதுகிறாளே என்று சிரிக்காதே, இந்த வருஷம் நம் வீட்டில் அதுதான் பெரிய செய்தி. போன வாரம் முழுக்க மழை, ஆற்றங்கரைத் தெருவில் முழங்கால் தண்ணீர், உன் வாப்பா துறைமுகத்துக்குப் பழைய ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய் இரண்டு நாள் தும்மிக்கொண்டிருந்தார், இப்போது சரியாகிவிட்டது. உனக்கு என்று எடுத்துவைத்த வெள்ளைப் பாலாடைக்கட்டி உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது, ஜெர்மனிக்குப் போகிற யாராவது அகப்பட்டால் கொடுத்துவிடுகிறேன், அகப்படாவிட்டால் உன் வாப்பாவே தீர்த்துவிடுவார்.

நீ வாப்பாவிடம் போனில் கேட்டாயாம், உம்மா எக்ஸ்ரே அறையிலேயே இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டுகிறாளே, சொந்தப் பெண்ணுக்கு ஏன் முதலிலேயே ஒரு எக்ஸ்ரே எடுக்கவில்லை என்று. நியாயமான கேள்வி, எனக்குக் கோபம் வரவில்லை, வந்தது, பிறகு போய்விட்டது. அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நான் குரலை உயர்த்துவேன், நீ சிக்னல் சரியில்லை என்பாய். ஆனால் இன்னொன்றும் என் மனதில் இருக்கிறது. ரீஹாமின் நெஞ்சிலிருந்து அந்த ஊசியை எடுத்து இன்றோடு பதினாறு நாள். இந்தப் பதினாறு நாளில் நீ வாப்பாவிடம் தினமும் பேசியிருக்கிறாய், என்னிடம் நான்கு தடவை பேசியிருக்கிறாய், உன் தங்கையிடம் ஒரு தடவைகூடப் பேசவில்லை. போன் மணி அடித்தால் அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குகிறாள், வாப்பா பேசி வைத்ததும் மறுபடியும் குனிந்துகொள்கிறாள். அதற்கு வருகிறேன், முதலில் என் குற்றத்தை எழுதிவிடுகிறேன்.

என்னை உனக்குத் தெரியும். காலையில் போய் ஈயக் கவசத்தை மாட்டினால் மதியம் வரை மூச்சை இழு, அசையாதே, விடு என்று ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் படம் எடுப்பேன், என் பிள்ளைகள் அந்த அறை வாசலுக்கு வந்தால் விரட்டிவிடுவேன். உனக்கு ஒன்பது வயதில் சைக்கிளில் இருந்து விழுந்தபோது சமையலறை மேசையில் உன் கையை வைத்து விரலால் அழுத்திப் பார்த்து ஒன்றும் உடையவில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லி, மூன்றாம் நாள் படத்தில் விரிசல் தெரிந்து, அதை நீ இன்றுவரை கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைக்கிறாய். பயப்படுகிற தாய்மார்களிடம் நான் தினமும் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு, ஒரு மார்பு எக்ஸ்ரேயில் ஏறுகிற கதிர் பத்து நாள் சும்மா இந்த மண்ணில் நடமாடினால் ஏறுகிற அளவுதான் என்று. அவர்களுக்கு அது உண்மை, என் பிள்ளைகளுக்கு மட்டும் அது பொருந்தாது என்று உள்ளுக்குள் ஒரு பிடிவாதம், படம் எடுக்கும்போது ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் ஒதுங்கி ஒதுங்கி நின்றே வந்த பிடிவாதம் அது.

நவம்பரில் ரீஹாம் இருமத் தொடங்கியபோது நான் கொய்யா இலை கொதிக்க வைத்துக் கொடுத்தேன். பிறகு சிரப், பிறகு மாத்திரை, பிறகு வேறு மாத்திரை. மாத்திரை தின்கிற வாரம் குறையும், நிறுத்தினால் வரும். உன் அத்தை நவால் வந்து பார்த்துவிட்டு, "இது இருமல் இல்ல, பரீட்சை. கடைசி வருஷப் பரீட்சைன்னா இந்த நாட்டுல பிள்ளைங்களுக்கு என்னதான் வராது, என் பையனுக்குப் பல்லே ஆடுச்சு" என்றாள். எங்கள் ஆஸ்பத்திரி நெஞ்சு டாக்டர் இரண்டு தடவை சொன்னார், "உம்மு ஹாஸிம், பக்கத்து ரூம்தானே, உங்க கையாலேயே ஒரு படம் எடுத்துட்டு வாங்களேன்" என்று. சிரப் முடியட்டும் டாக்டர் என்று நான் இரண்டு தடவையும் தட்டிக்கழித்தேன். பக்கத்து அறைதான், பன்னிரண்டு அடி நடந்திருந்தால் போதும், நடக்கவில்லை.

அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா, கதிர் இல்லாத வழியைத் தேடினேன். அல்ட்ராசவுண்ட் பார்க்கிற டாக்டர் சமாஹ் என் சிநேகிதி, அவளிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவள் சிரித்தாள். கர்ப்பிணி வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பையும் பித்தப்பைக் கல்லையும் கல்லீரலையும் காட்டுகிற இயந்திரம் அது, நோகாது, சுடாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் சத்தம் போய்ப் பட்டுத் திரும்பி வருவதைத்தான் அது படமாக்குகிறது, காற்று குறுக்கே வந்தால் சத்தம் உள்ளே போகாது. நுரையீரல் முழுக்கக் காற்று. "நீயே இருபத்தெட்டு வருஷ டெக்னீஷியன், உனக்கு நான் பாடம் நடத்தணுமா? நெஞ்சோட ஓரத்துல தண்ணி கோத்திருந்தா சொல்லுவேன், உள்ள என்ன இருக்குன்னு இது சொல்லாது, இங்க இது குருடு" என்றாள். தண்ணீர் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தில் ஒன்றும் இல்லை என்கிற சொல்லை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த இயந்திரம் எதைப் பார்க்காது என்பதைச் சமாஹ்விடமே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சமாஹ்வே, "சி.டி. எடுத்துடேன், மனசு ஆறும்" என்றாள். ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது போல உடம்பைப் பார்க்கிற இயந்திரம், அதற்குத் தப்புவது குறைவு, உனக்கும் தெரியும். ஆனால் நெஞ்சுக்கு ஒரு சி.டி. என்றால் என் அறையில் எழுபது எண்பது படம் எடுத்ததற்குச் சமம். ஒரு படத்துக்கே ஓடுகிறவள் எண்பதுக்கா நிற்பேன். பேச்சை மாற்றிவிட்டு வந்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில் முதுகில் தோள்பட்டைக்கு நடுவே வலிக்கிறது என்றாள். புத்தகத்தின் மேல் கவிழ்ந்தே கிடக்கிறாள், வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னோம். எலும்பு டாக்டர் முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார், இருமலைப் பற்றி நாங்கள் அவரிடம் சரியாகச் சொல்லவும் இல்லை. அன்று நீ போனில் பேசினது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது, "எடுத்துடுங்க உம்மா, யோசிக்காதீங்க, உங்க எக்ஸ்ரே எல்லாம் சுவத்துல விழுற நிழல், எங்க காந்தம்தான் உள்ள இருக்கிறத அப்படியே காட்டும்." நீ காந்தம் செய்கிற தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை நிழல்காரி என்று கேலி செய்கிறாய், நானும் உன்னைக் குழாய்க்காரன் என்கிறேன், அது நம் விளையாட்டு. அன்று நான் வாதாடவில்லை. ஏன் தெரியுமா, அதில் கதிர் இல்லை. உனக்கு உன் இயந்திரத்தின் மேல் பெருமை, எனக்கு என் இயந்திரத்தின் மேல் பயம், இரண்டும் சேர்ந்து பிள்ளையை ஒரே வாசலுக்கு அனுப்பியது.

உன் இயந்திரத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். நவால் அத்தைக்குக் கால் மரத்துப்போனபோது நான் எடுத்த படத்தில் முதுகெலும்பு வரிசையாக அழகாகத்தான் இருந்தது, எலும்புக்கு நடுவே இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை நெரிப்பதை எம்.ஆர்.ஐ.தான் காட்டியது. மூளை, நரம்பு, மூட்டு என்று மெத்தென்று இருக்கிற எதற்கும் அதை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் காற்று நிறைந்த நெஞ்சுக்குள் அது பெரும்பாலும் இருட்டைத்தான் காட்டும். அரைமணி நேரம் அந்தச் சம்மட்டிச் சத்தத்தில் ஆடாமல் கிடக்க வேண்டும், இருமுகிற பிள்ளை எப்படிக் கிடக்கும். அதற்கு மேலே அதன் காந்தம், அது யாரையும் மதிக்காது, உடம்புக்குள் இரும்பு கிடந்தால் சதையைக் கிழித்துக்கொண்டு இழுக்கும். இதெல்லாம் நீ எனக்குச் சொல்ல வேண்டிய பாடம், நான் உனக்குச் சொல்கிறேன்.

எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய நாளில் பாலத்தடியில் இருக்கிற ஸ்கேன் மையத்துக்கு நான், வாப்பா, ரீஹாம் மூவரும் போனோம். வாப்பா வழக்கம்போல எல்லா மருந்துச் சீட்டையும் சமாஹ்வின் காகிதத்தையும் பெரிய உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு படிவம் கொடுத்தார்கள், உடம்புக்குள் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கேள்வி, ரீஹாம் இல்லை என்று எழுதினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உடை மாற்றுகிற இடத்தில் இஸ்ரா என்று ஒரு சின்னப் பெண், அங்கே டெக்னீஷியன், முக்காட்டில் இருக்கிற ஊசியை எல்லாம் எடுத்துவிடச் சொன்னாள். ரீஹாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள், ஆறு ஊசி. அதைப் பார்த்து இஸ்ரா சிரித்துக்கொண்டே சொன்னாள், "ஆறா? நான் ஒரு தடவை உதட்டுல வச்சிருந்த ஒண்ண முழுங்கிட்டேன், எங்கம்மாகிட்ட ஒரு வருஷம் மூச்சு விடலியே." ரீஹாம் மெதுவாகக் கேட்டாள், "முழுங்கினா தானா வெளிய போயிடும்ல?" நான் கோட்டைப் பிடித்துக்கொண்டு திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். இஸ்ராவின் குரலில் சிரிப்பு நின்றுவிட்டது. எப்போது, அன்றைக்கு இருமினாயா, எவ்வளவு நேரம் இருமினாய் என்று கேட்டாள். அக்டோபர் கடைசியில், அவள் சிநேகிதி தாலியாவின் நிச்சயதார்த்தத்தன்று, பெண்கள் எல்லாம் ஒரே கண்ணாடி முன்னால் நெருக்கிக்கொண்டு முக்காடு கட்டும்போது யாரோ ஏதோ சொல்ல, இவள் உதட்டில் இரண்டு ஊசியோடு சிரித்துவிட்டாள், ஒன்று தரையில் கிடந்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் இருமல், பிறகு ஒன்றும் இல்லை. வயிற்றுக்குள் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். காந்த அறைக்கதவு பத்தடியில் இருந்தது. அந்த இஸ்ராதான் ரீஹாமின் தோளில் கையை வைத்து எதிர்ப்பக்கம் இருந்த எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். நேராக ஒரு படம், நிமிஷத்தில் திரையில் விழுந்தது. எலும்பைவிட வெள்ளையாக, நிமிர்ந்து, மணித்தலை கீழே, கூர்முனை மேலே, இதய நிழலின் மேல் ஒரு ஊசி. நீ நிழல் என்கிறாயே, அந்த நிழலுக்கு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எது முன்னால் எது பின்னால் என்று தெரியாது என்பது உண்மைதான், அதனால் பக்கவாட்டில் இன்னொன்று எடுத்தார்கள், இதயத்துக்குப் பின்னால், இடது நுரையீரலின் அடியில் என்று தெரிந்தது. இவ்வளவுதான். இரண்டு படம், இருபது நாள் மண்ணில் நடந்த கணக்கு. ஏழு வாரம் நான் கொடுக்க மறுத்தது அது.

மறுநாளே மன்சூராவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே எந்தக் கிளையில் சிக்கியிருக்கிறது என்று அளவாகத் தெரிய வேண்டும் என்று சி.டி. எடுத்தார்கள், நான் தடுக்கவில்லை, அதன் இடம் அதுதான். மயக்கம் கொடுத்து வாய்வழியாகக் குழாய் விட்டு நாற்பது நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள், கத்தி படவில்லை. அந்த டாக்டர் ஒரு அட்டையில் குத்திவைத்திருக்கிறார், சிவப்பு மணி, முத்து மணி, பச்சை மணி, எல்லாம் நம் பெண்களின் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்தவை. "அம்மா, பிள்ளைங்கள திட்டாதீங்க, நீங்க எல்லாரும் உதட்டுலதான வைக்கிறீங்க" என்றார். உண்மைதான், ஊசியை உதட்டில் வைக்காதே என்று அவளை நான் அதட்டினதெல்லாம் என் உதட்டில் ஊசி இருக்கும்போதுதான். எக்ஸ்ரே ஃபிலிமை உன் வாப்பா வீட்டு ஜன்னலில் செருகி வைத்திருக்கிறார், வருகிறவர்கள் எல்லாம் வெளிச்சத்தில் பார்த்து டாக்டர் ஆகிவிட்டுப் போகிறார்கள். இருமல் அன்றோடு நின்றது. நேற்று இரண்டு தட்டு முலுக்கியாக் கீரை சாப்பிட்டாள்.

இதுவரை எழுதினது உனக்கு வாப்பா சொல்லியிருப்பார், கொஞ்சம் கூட்டிக் குறைத்து. இனி எழுதுவது யாருக்கும் தெரியாது. மயக்கம் தெளிகிற நேரத்தில் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கண் திறக்கவில்லை, என்னை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு கையைப் பிடித்துச் சொன்னாள், "ஹாஸிம் அண்ணன்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். தானா வெளிய போயிடும், உம்மாகிட்ட சொல்லாதேன்னான், வீட்டையே ரெண்டு பண்ணிருவாங்கன்னான். நீங்களும் உம்மாகிட்ட சொல்லாதீங்க. அண்ணன திட்டுவாங்க." பிறகு தூங்கிப்போனாள். முழிப்பு வந்த பிறகு டாக்டர் யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டதற்கு, யாரிடமும் சொல்லவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன சின்னக் காந்தத்தை எடுத்து அவள் ஊசிப் பெட்டியின் மேல் பிடித்தேன். பித்தளையாக இருந்தால் சும்மா கிடக்கும் என்று நினைத்தேன். எல்லாம் எழும்பி வந்து ஒட்டிக்கொண்டன. உன் தொழிற்சாலைக் காந்தம் அதைப் போல எத்தனை ஆயிரம் பங்கு என்று உனக்குத்தான் தெரியும். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன், அடுப்பில் வெங்காயம் இருந்தது, வாப்பா அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

நீ மறந்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். எம்.ஆர்.ஐ.க்கு ஒன்றரை மாசம் முன்னால் வேலைக்கு நடுவே கேட்ட ஒரு பேச்சு, சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு பதில், அது முதுகுவலியோடும் எம்.ஆர்.ஐ.யோடும் உன் மனதில் சேரவே இல்லை. வாப்பா போனில் ஊசி என்று சொன்ன நிமிஷம்தான் சேர்ந்திருக்கும், அந்த நிமிஷம் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். உம்மா ஏன் எக்ஸ்ரே எடுக்கவில்லை என்று நீ கேட்டதும் அதனால்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் சிக்னல் சரியில்லை என்கிறாய். எனக்கும் மூன்று நாள் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தலை வாரிவிடுகிற சாக்கில் பின்னால் நின்றே பேசினேன். இந்த இயந்திரங்களைப் பற்றி நம் குடும்பத்தில் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர். நான் பயந்தேன், நீ சிரித்தாய், அவள் அந்தக் கதவு வரை நடந்துவிட்டாள்.

ஆனால் அவள் உன்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நீ நினைத்தால் அது தப்பு. மயக்கத்தில் ஏதோ உளறிவிட்டோம், அது எப்படியோ உனக்குத் தெரிந்துபோய் நீதான் அவள்மேல் கோபமாக இருக்கிறாய் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன புதன்கிழமை தாலியாவிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள், தாலியா என்னிடம் சொன்னாள். நெஞ்சிலிருந்து ஊசியை எடுத்தாயிற்று, இதையும் எடுத்துவிடு மகனே. எனக்கு மன்னிப்பு எழுத வேண்டாம், எனக்கு நீ எழுதினால் நானும் உனக்கு ஒன்று எழுத வேண்டியிருக்கும், இருவருக்கும் நேரம் இல்லை. அவளைக் கூப்பிடு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரத்தில் வாப்பாவும் நானும் நவால் வீட்டில் இருப்போம், அவள் தனியாக இருப்பாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, பனியில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ, தொழுகையை விடாதே. இறைவன் உன்னைக் காக்கட்டும், உன் கையையும் உன் வாக்கையும் நல்லதாக்கட்டும். உன் வாப்பாவின் துஆ உனக்கு எப்போதும் உண்டு. ஒரே ஒரு வேண்டுகோள், இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, நான் எழுதினதாக அவளுக்குத் தெரிய வேண்டாம். அண்ணன் தானாகவே கூப்பிட்டான் என்று அவள் இருக்கட்டும்.

ஊரெல்லாம் உம்மு ஹாஸிம் என்று உன் பெயரைச் சொல்லி அழைக்கிற உன் உம்மா,
சுஹைர்